நடுவுல ஒரு விளம்பரம்

— சிரிக்காதே. லைட்டை இந்தப் பக்கம் காட்டு.

— நான் எங்க சிரிச்சேன்? காருக்கு அடியில இருந்து ரெண்டு செருப்பு மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்கு. அதைப் பாத்துட்டு இருந்தேன், அவ்ளோதான்.

— செருப்பைப் பாக்க உன்னைக் கூப்பிடல தாயே. சக்கரம் இருந்த இடத்துக்குப் பின்னாடி பாரு. ரப்பர் கிழிஞ்சு தொங்குதா? உள்ள இருந்த கிரீஸ் எல்லாம் தெறிச்சுப் போயிருக்கு. அதான் திருப்பும்போதெல்லாம் டக் டக்னு சத்தம்.

— அந்தச் சத்தத்தை நான் முதல்ல சொன்னப்போ, என் காதுலதான் கோளாறுன்னீங்க.

— சரி, கோளாறு என் காதுல. போதுமா?

— காதோட நின்னா பரவாயில்ல. இதை ஒர்க்ஷாப்புல விட்டிருந்தா சத்தமில்லாம முடிச்சுக் குடுத்திருப்பாங்க.

— ஞாயித்துக்கிழமை எவன் திறந்து வெச்சிருக்கான்? நீ விடியக்காலையில கெளம்பியாகணும். நாளைக்கு அந்த ஊர் ஆபீஸ் திறக்கும்போது அங்க போய் நிக்கலைன்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கன்னு நீதான சொன்னே.

— சொன்னேன். அதுக்கு இவ்ளோ அக்கறையா? பெட்ரூம் ஃபேன் போன வெயிலுக்கே நின்னு போச்சு. சமையக்கட்டுக் குழாய் இன்னும் சொட்டிட்டு இருக்கு. அதெல்லாம் சாரோட கண்ணுல படல. பொண்டாட்டியை ஊருக்கு அனுப்பணும்னதும் காலங்காத்தால ஸ்பேனரும் கையுமா இறங்கிட்டீங்க.

— பேச்சைக் குறை. என் கை பூரா கிரீஸ். போன்ல வீடியோ ஓடுதுல்ல, அதைப் பாத்து ஒவ்வொண்ணா சொல்லு. இப்ப என்ன பண்றான்?

— நடுவுல இருக்கற பெரிய நட்டைக் கழட்டறான். ஒத்தைக் கையால.

— அவனுக்கென்ன. வெளிய வரேன், தள்ளு. ம்ம்ம்... ஹூம்... அசைய மாட்டேங்குதே.

— என்னங்க இது, ஸ்பேனர் மேல ஏறி நிக்கறீங்க? வீடியோவுல அவன் அப்படி நிக்கல.

— வீடியோவுல அவன் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து தொணதொணக்கல.

— ஐயோ! அடிபட்டுச்சா? எந்திரிங்க, எந்திரிங்க.

— ஒண்ணும் ஆகல. நட்டு கழண்டிருச்சு.

— அது கழண்டு ரொம்ப வருஷம் ஆச்சு. மேல் வீட்டுக்காரர் பால்கனியில நின்னு வேடிக்கை பாக்கறாரு. அவரு வீட்ல டிவி ரிப்பேர் போல.

— பாக்கட்டும். அடுத்து?

— ஆக்சிலை வெளிய இழுத்து, கிழிஞ்ச ரப்பரைக் கத்தியால வெட்டிப் போடறான். அப்புறம் நுனியில இருக்கற ஜாயின்ட்டை சுத்தியலால தட்டிக் கழட்டறான்.

— சரி. இந்தா, புது ரப்பர். கீழ வெக்காதே, மண்ணு ஒட்டும். மடியில வெச்சுக்கோ.

— இதுக்குத்தான் இவ்ளோ ஆர்ப்பாட்டமா? மடிப்பு மடிப்பா, நான் ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போன பாவாடை மாதிரி இருக்கு.

— அந்தப் பாவாடைதான் உள்ள மண்ணு போகாம, கிரீஸ் வெளிய வராம காப்பாத்துது. தொலைச்சிராதே.

— மடியிலதான் இருக்கு. அந்த ஊர்ல எனக்கு ஒரு ரூம் பாத்து வெச்சிருக்காங்க, சொன்னேனா? ஒரே ஒரு ஜன்னல். திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு.

— உனக்குப் பிடிச்சிருந்தா சரி.

— வந்துட்டாருய்யா! 'உனக்குப் பிடிச்சிருந்தா சரி', 'உன் இஷ்டம்'. வேற ஏதாவது சொல்லத் தெரியுமா உங்களுக்கு? உப்பு போதுமான்னு கேட்டாலும் உன் இஷ்டம், ஊரை விட்டுப் போகட்டுமான்னு கேட்டாலும் உன் இஷ்டம். அன்னிக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்குன்னு சொன்னப்போ, தட்டுல இருந்து தலையைத் தூக்கினீங்களா நீங்க?

— உன் வேலைம்மா அது. நான் யாரு குறுக்க நிக்க?

— பெரிய வேலை! இங்க பாக்கற அதே வேலை, அதே சம்பளம், நாற்காலி மட்டும் வேற. வேண்டாம்னு சொல்லியிருந்தா இங்கயே விட்டிருப்பாங்க. என் இஷ்டம்னா என் இஷ்டமாவே இருக்கட்டும்னு மறுநாளே சரின்னு எழுதிக் குடுத்துட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாத்தா, பரண்ல இருந்து பெட்டியை இறக்கி, தூசி தட்டி, வாசல்லயே வெச்சிருக்கீங்க.

— உனக்கு எட்டாதேன்னு இறக்கி வெச்சேன்.

— ஆமா, எனக்கு எட்டாதது எல்லாம் உங்களுக்கு எட்டிரும்.

— லைட் ஆடுது. நேராப் பிடி.

— நேராத்தான் பிடிச்சிருக்கேன்.

— இதோ... வந்திருச்சு! கழண்டிருச்சு பாத்தியா? பழைய கிரீஸை வழிச்சாச்சு. துடைச்சாச்சு. புதுசையும் ரொப்பிட்டேன். அடுத்து என்ன?

— அடுத்து... கொஞ்சம் இருங்க. விளம்பரம் வருது.

— விளம்பரமா?

— ஏதோ முடி வளர்ற எண்ணெய். உங்க தலையைப் பாத்துட்டுத்தான் போடறான் போல.

— ஓ.

— முடிஞ்சிருச்சு. ம்... ஆக்சில் நுனியில புது லாக் வளையத்தை மாட்டறான். ஜாயின்ட்டை வெச்சு சுத்தியலால அடிக்கறான். லாக் விழற சத்தம் கேக்கற வரைக்கும்.

— அவ்ளோதானா? நடுவுல வேற ஒண்ணும் பண்ணலையா?

— வேற என்ன பண்ணுவான்? ஏன், பயமா இருக்கா?

— எனக்கென்ன பயம். நல்லா யோசிச்சுச் சொல்லு. அடிக்கட்டுமா?

— இதென்னங்க புதுசா என்னைக் கேக்கறீங்க? உங்க இஷ்டம்.

— சரி, அப்ப தள்ளி நில்லு. இதோ... இன்னும் ஒண்ணு... கேட்டுச்சா? மாட்டிக்கிச்சு!

— சபாஷ். அப்ப என் மடியில இருக்கற பாவாடையை யாருக்குப் போடறது?

— ஐயையோ.

— ரப்பரை முதல்ல ஆக்சில்ல கோத்துட்டு இல்ல ஜாயின்ட்டை மாட்டணும்? சட்டையைப் போட்டுட்டு பனியனைத் தேடற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். மேல் வீட்டுக்காரரே தலையில அடிச்சிட்டு உள்ள போயிட்டாரு.

— மறுபடி தட்டிக் கழட்டினா அந்த லாக் நெளிஞ்சிரும். டப்பாவுல இருந்ததே ஒண்ணுதான். நாளைக்குக் கடை திறக்கறதுக்குள்ள வெயில் ஏறிரும்.

— அதுக்குள்ள அங்க என் நாற்காலியில வேற யாராவது உக்காந்திருப்பாங்க. உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

— ராத்திரி பஸ் ஒண்ணு இருக்கு. இடம் இருக்கான்னு பாக்கவா?

— பஸ்ஸா? பஸ்ஸுன்னா எனக்கு வாந்தி வரும்.

— எப்பல இருந்து?

— இப்பல இருந்து.

— சரி, அந்தப் போனைக் காட்டு. ரப்பரை எந்த இடத்துல போடறான்னு பாக்கறேன்.

— கிரீஸ் கையோட போனைத் தொடாதீங்க. அதான் கெட்டுப் போச்சே, இனிமே பாத்து என்ன ஆகப்போகுது? விளம்பரம் வந்தப்போ அந்த இடம் தள்ளிப் போயிருக்கும்.

— தாயே, கார் நிறுத்தற இடத்துல சிக்னல் கிடைக்காதேன்னு அந்த வீடியோவை நேத்தே போன்ல இறக்கி வெச்சிட்டேன். இறக்கி வெச்ச வீடியோவுல எண்ணெய் விளம்பரம் எங்க இருந்து வரும்?

— அதையும் சேத்து இறக்கியிருப்பீங்க.

— சொல்லு.

— ஆமா, ரப்பர் போடற இடத்தை நான்தான் தள்ளிவிட்டேன். எனக்கு அந்த ஊரும் வேண்டாம், சுவரைப் பாத்த ஜன்னலும் வேண்டாம். ஒரே ஒரு தடவை 'இரு'ன்னு சொல்லுவீங்கன்னு அன்னில இருந்து பாத்துட்டே இருக்கேன். நீங்க என்னடான்னா என்னை அனுப்பறதுக்கு ஸ்பேனர் மேல ஏறி நிக்கறீங்க. அழுகையா வந்துச்சு எனக்கு. எப்பக் கண்டுபிடிச்சீங்க?

— நீ எண்ணெய்னு சொன்னப்பவே.

— அடப்பாவி மனுஷா! அப்பவே தெரிஞ்சிருந்தா, ரப்பர் இல்லாம எதுக்குய்யா அடிச்சீங்க?

— போகாதேன்னு சொல்ல வாய் வரல. சுத்தியல்தான் கைக்கு வந்துச்சு.