முதல் பொத்தான்

என் பெயர் அல்லால், தகப்பனார் பெயர் ஹம்மாதி. வயது எழுபத்துமூன்று என்று மொராக்கோ அடையாள அட்டையைப் படித்தவர்கள் சொல்வார்கள். அதில் வருஷம் மட்டும் உண்டு, நாளும் மாதமும் கிடையாது. மெக்னெஸ் நகரம், ஸைத்தூன் தெரு, பதினேழாம் எண் வீட்டு மாடியில் வசிக்கிறேன். பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர் கூவி ஆள் ஏற்றும் வேலை முப்பத்தொரு வருஷம் பார்த்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரும் என்னை அழைக்கவில்லை. இன்று திங்கட்கிழமை காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, அதிகாரி கேட்க இதைச் சொல்கிறேன்.

மேற்படி வீட்டின் கீழ்த்தளத்தில் என் தங்கை மகள் ஸுஹூர் குடியிருக்கிறாள். அவள் கணவன் மிலூத் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோனான். வீடு அவன் வாங்கியது. அவன் அண்ணன் புஅஸ்ஸா, வீட்டில் தனக்கும் பாதி உண்டு என்று வழக்குப் போட்டிருக்கிறான். நாளை மறுநாள் புதன்கிழமை விசாரணை. வீட்டுப் பத்திரம் இரண்டு வருஷத்துக்கு முன் மழைத் தண்ணீர் உள்ளே புகுந்ததில் அலமாரியோடு ஊறிக் கூழாகிவிட்டது. ஆனால் மிலூத் உயிரோடு இருந்தபோதே அதைப் படமெடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தான். ஸுஹூரிடம் இருந்த ஆதாரம் அந்த ஒரு படம்தான்.

போன புதன்கிழமை அவள் அதை அச்செடுக்கப் பென் டிரைவைக் கொண்டுபோய், நகல் கடைக் கம்ப்யூட்டரில் செருகித் திரும்பக் கொண்டுவந்து வீட்டில் செருகினாள். அதன் பிறகு திரையில் இருந்த எல்லாக் கோப்புப் பைகளின் மேலும் சின்ன அம்புக்குறி முளைத்துவிட்டது. எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. வைரஸ் என்றார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ரெதுவானை வரவழைத்தாள். தற்போது உங்கள் காவலில் இருப்பது அந்த ரெதுவான்தான். வயது முப்பத்துநாலு இருக்கும்.

கணவன் இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆண் வேலைக்கு வந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். அதற்காக நான் கீழே இறங்கி, அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தெருக்கதவைத் திறந்தே வைத்தோம். ஸுஹூர் சமையலறையில் குஸ்குஸுக்கு ரவை பிசைந்துகொண்டிருந்தாள்.

ரெதுவான் முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான். அதன் பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, திரும்ப உசுப்பும்போது மேல் வரிசையில் ஒரு விசையை நாலு தடவை தட்டினான். திரை கறுப்பாகி வெள்ளை எழுத்து வந்தது. கறுப்புத் திரை போய்ப் பழைய திரை வந்தபோது அம்புக்குறி போட்ட பைகளுக்குப் பக்கத்தில் மங்கலாக வேறு பைகள் தெரிந்தன. மங்கலாக இருப்பதுதான் நிஜம் என்றான்.

"அம்பு போட்டதெல்லாம் பொய்க் கதவு, ஹாஜி. தட்டினா திருடன்தான் வந்து திறப்பான்."

"நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லப்பா. பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனேன்" என்றேன்.

"எத்தனை பேரை ஏத்தி அனுப்பியிருப்பீங்க. அதுவே போதும், ஹாஜிதான்."

ஸுஹூரைக் கூப்பிட்டுப் பத்திரப் படத்தைக் காட்டினான். நானும் பார்த்தேன். பத்திரத்தில் வைத்த இரண்டு முத்திரையும் தெரிந்தன. அவள் ரவை ஒட்டிய கையைத் திரையில் பட்டுவிடாமல் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். வைரஸ் அந்தப் பைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, இப்போது பென் டிரைவில் எடுத்தால் அதுவும் சேர்ந்து வரும், கடையில் இருக்கும் பெரிய டிஸ்க்கைக் கொண்டுவந்து அதில் பத்திரப்படுத்துகிறேன் என்று ரெதுவான் சொன்னான். அதன் பிறகு சுத்தம் செய்யும் நிரல் ஒன்றை ஓடவிட்டு எழுந்தான். போகும்போது என்னிடம் சொன்னது இது, ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை:

"ஹாஜி, நடுவுல சிவப்புப் பெட்டி வந்து நிக்கும். ரெண்டு பொத்தான் இருக்கும். முதல் பொத்தானை அமுக்குங்க, அது தனியா அடைச்சு வைக்கும். ரெண்டாவது அழிச்சிடும், அந்தப் பக்கமே போகாதீங்க."

சரி என்றேன். மவுஸை எப்படி அழுத்துவது என்று காட்டினான், இரண்டு தடவை செய்து காட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரத்தில் சிவப்புப் பெட்டி வந்தது. பொத்தான் ஒன்று வலது கைப் பக்கம், ஒன்று இடது கைப் பக்கம். படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்து வலது பக்கத்தில் தொடங்கும் என்பது எனக்குத் தெரியும். என் தகப்பனார் குர்ஆனில் விரல் வைத்து ஓதும்போது விரல் வலமிருந்துதான் கிளம்பும். கடைப் பலகையும் அப்படித்தான், ஸுஹூரின் கம்ப்யூட்டரிலும் எல்லாம் அப்படித்தான். ஆகவே முதல் பொத்தான் என்று வலது பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். பெட்டி மறைந்து மறுபடி வந்தது. மறுபடி அழுத்தினேன். இப்படி ஏழு தடவை. பெட்டியைக் கண்ட உடனே தாமதிக்காமல் அழுத்தினேன், வேலை சரியாக நடக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ரெதுவானின் நிரல் பிரெஞ்சு எழுத்தில் இருந்திருக்கிறது. பிரெஞ்சு இடது பக்கத்தில் தொடங்குமாம். அவனுக்கு முதலாவது எனக்கு இரண்டாவது.

அவன் டிஸ்க்கோடு வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தான். அதன் பிறகு ஜும்ஆ தொழுகைக்கும் போகாமல், அழிந்ததை மீட்கும் வேறொரு நிரலைப் போட்டுப் பார்த்தான். மற்ற படங்கள் சில வந்தன. பத்திரப் படம் மேலே நாலு விரல் அளவுக்கு வந்தது, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். மூன்று தடவை செய்தும் அதே சாம்பல். குஸ்குஸ் ஆறிப்போனது.

ஸுஹூர் வந்து, யார் அழித்தது என்று கேட்டாள். ரெதுவான் என் முகத்தைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்து, "நான்தாங்க. கை தவறிடுச்சு" என்றான்.

"உன் கடை யாரோட இடத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாதா? புஅஸ்ஸா இடத்துல குந்தியிருக்கறவன் கை எப்படித் தவறும்?" என்று அவள் கேட்டாள். கத்தவில்லை. அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லவேளை, நீங்க கூட இருந்தீங்க மாமா. சாட்சிக்கு ஆகும்" என்றாள்.

நான் பேசவில்லை. அவள் வீட்டில் ஒன்பது வருஷமாகச் சாப்பிடுகிறேன். வீடு போனால் எனக்கும் மாடி கிடையாது, அதையும் மறைக்கவில்லை. சனிக்கிழமை அவள் புகார் கொடுத்தாள், நீங்கள் ரெதுவானைக் கொண்டுவந்தீர்கள். அன்றும் பேசவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பிசைந்து தட்டிய ரொட்டியைப் பலகையில் வைத்து, சுட்டு வாங்கத் தெருப் பொது அடுப்புக்குக் கொண்டுபோனேன். வரிசையில் எனக்கு முன்னால் ரெதுவானின் தாயார் நின்றார். எப்போதும் நாலு ரொட்டி கொண்டுவருகிறவர், நேற்று இரண்டுதான். என்னிடம் கேட்டார்:

"நீங்கதான் கூட உக்காந்திருந்தீங்களாமே. என் மகன் உள்ள போகும்போது செருப்பைக் கழட்டினானா?"

"கழட்டினான்மா. வாசல்லயே கழட்டினான்."

"அது போதும்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை, ஆகவே வந்தேன்.

ஏழு தடவை அழுத்தியது நான். மேற்படி ரெதுவான் அப்போது வீட்டிலேயே இல்லை. புஅஸ்ஸாவின் பெயரை அவன் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அவன் பொய் சொன்னது என் வயதுக்காக.

இன்னொன்றும் எழுதிக்கொள்ள வேண்டும். இன்று காலை நான் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஸுஹூரும் உள்ளே வந்திருந்தாள். புத்தக எண்ணும் பக்கமும் தெரிந்தால் பதிவகத்தில் தேடி நகல் எடுத்துவிடலாம், எண் இல்லாமல் நாற்பது வருஷப் புத்தகங்களை யார் புரட்டுவது என்று அதிகாரி அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எண் இருந்தால் போதும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. தாள்தான் வேண்டும் என்று நினைத்திருந்தேன். யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

அந்தப் பத்திரம் எழுதிய அன்று மிலூதோடு போனவன் நான். பத்திரம் எழுதும் அதூல் இருவரில் ஒருவர் முழுவதையும் வாசித்தார். இரண்டாமவர் தாமதமாக வந்ததால் அவருக்காக மறுபடி வாசித்தார். இரண்டு தடவை கேட்டேன். ஆகவே சொல்கிறேன்: சொத்துப் புத்தகம் நாற்பத்தாறு, பக்கம் இருநூற்றுப் பதின்மூன்று, வரிசை எண் முன்னூற்றெட்டு. எல்லை, கிழக்கே ரொட்டி சுடும் அப்தஸ்ஸலாமின் சுவர், மேற்கே தெரு, வடக்கே வக்ஃப் நிலம், தெற்கே காலி மனை. வாங்கியவர் கத்தூர் மகன் மிலூத், "தனியாகத் தனக்கே, இதில் வேறெவருக்கும் பங்கில்லை." அந்த இடத்தில் வாசித்தவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பங்கில்லை என்பதை இன்னொரு தடவை சொன்னார். புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஒரு எண் தவறினாலும் ரெதுவானை விட்டுவிட்டு என்னை அவன் இடத்தில் உட்காரவையுங்கள்.

நான் சொன்னதை அதிகாரி எழுதி, எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டினார். வரிசை எண்ணை முன்னூற்றெண்பது என்று எழுதியிருந்தார்; சொல்லித் திருத்தவைத்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் என்னை மிரட்டவோ இணங்கவைக்கவோ இல்லை. பெருவிரலில் மை தடவி, தாளின் கடைசியில் வைக்கச் சொன்னார்கள். கடைசி எந்தப் பக்கம் என்று கேட்டேன். அதிகாரி விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் வைத்தேன்.

(இடது பெருவிரல் ரேகை)
அல்லால், த/பெ ஹம்மாதி