ஐந்து கிராம் உப்பு

கேக்குக்கு மா அளக்கும்போது கோப்பையை மேசையில் தட்டக் கூடாது. தட்டினால் மா அமர்ந்து எடை கூடிவிடும், கேக் கல்லாய்ப் போகும். கல்முனையில் ஓடருக்குக் கேக் அடிக்கும் பெண்கள் பலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அளக்கிற சுண்டு ஒன்றேயானாலும் அரிசிக்கு ஓர் எடை, சீனிக்கு வேறோர் எடை. அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு எனக்குப் போனில் கோல் எடுப்பார்கள். வாய்க்கணக்காகச் சொல்வேன், பிழைத்ததில்லை.

ஆகவே வாய் தவறிவிட்டது என்று நான் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நானும் அப்படிச் சொல்லப்போவதில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் நிஹ்லாவின் கலியாணத்தோடு வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டுப் பின்பக்கத்து அறைக்கு மாறினேன். அதில் எனக்குக் குறையில்லை. கணவரையும் மூத்தவனையும் கடல் எடுத்த பிறகு எனக்கென்று மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். மருமகன் றிஸ்மியும் தங்கமான பிள்ளை. ஆனால் கத்தாரில் வேலை சரிவந்ததும் அவளையும் கூட்டிப்போக நினைத்தார். வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாம், மாமி அட்டாளைச்சேனையில் தம்பி வீட்டில் இருக்கலாம் என்றார். என் தம்பியின் மனைவி சோறு போடுமுன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள். எனக்குப் பயம் பிடித்தது.

கத்தார் விசாவுக்கான மெடிக்கலில் பிரசர் கூடுதல் என்று மருமகனைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு உப்பு ஐந்து கிராமுக்கு மேல் வேண்டாம், பிரசர் இறங்கியதும் மறுபடி மெடிக்கல் செய்து போகலாம் என்றாராம் டொக்டர். நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு நிஹ்லா நேரே வந்தாள்.

"அஞ்சு கிராம் எண்டா எத்தின கரண்டி உம்மா?"

ஒரு தேக்கரண்டி. அதுவும் நிறையாமல்.

"ஒரு மேசைக்கரண்டி மகள். தலை தட்டி எடு" என்றேன்.

மூன்று மடங்குக்கும் மேல். அன்றிலிருந்து காலையில் அவளே தன் கையால் அளந்து சிறு போத்தலில் போட்டு வைப்பாள். அவருடைய கறிகளுக்கு அந்த உப்பு மட்டும்தான். கரிக்காமலிருக்க நான் கட்டித் தேங்காய்ப்பால் ஊற்றினேன், புளி கூட்டினேன். "பத்தியச் சாப்பாடு மாதிரியே இல்ல மாமி" என்று விரலைச் சூப்பிச் சாப்பிட்டார். கேட்கச் சந்தோசமாக இருந்தது. அடுத்த மெடிக்கலும் தவறியது. டொக்டர் பிரசருக்குப் போடும் குளிசையைக் கூட்டினார். மகள் இன்னும் கவனமாகக் கரண்டியை வழித்தாள்.

பிறகொரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ எடுக்கப் போனவர் பைப்படியில் விழுந்தார். வலப்பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இப்போது முன்னறைக் கட்டிலில் யன்னலைப் பார்த்தபடி கிடக்கிறார். நிஹ்லா வாசற்படி இறங்குவதே கிளினிக்குக்குத்தான். அங்கே ஒரு நர்ஸ் உப்பு அளவைக் கேட்க, இவள் மேசைக்கரண்டி என்று சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தவள் அபாயாவைக்கூடக் கழற்றாமல் குசினி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"உம்மா, நீங்க தேக்கரண்டி எண்டுதானே சொல்லியிருப்பீங்க? நான்தான் மறந்து மாத்திப் போட்டுட்டனா?"

"ஓம் மகள்" என்றேன். "உனக்குச் சின்னதில இருந்தே மறதிதானே."

அதன்பின் அவள் உப்பைத் தொடுவதில்லை. நான்தான் அளக்கிறேன், தேக்கரண்டியால், சரியாக. தெரியாமல் செய்ததற்கு அல்லாஹ் குற்றம் பிடிக்கமாட்டான் என்று அவளைத் தேற்றுவதும் நான்தான்.

நேற்று அவர் வலக்கை விரல்களை அசைத்தார். "மச்சானுக்குச் சுகமானா எங்கயாவது போயிருவம் உம்மா. இந்த வீட்டில எனக்கு மூச்சு முட்டுது" என்றாள் நிஹ்லா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு. பாவம் பிள்ளை.

இன்று காலையிலிருந்து தேக்கரண்டியைத் தேடுகிறேன். எங்கே வைத்தேனோ தெரியவில்லை. வயது போனால் மறதி வரத்தானே செய்யும். மேசைக்கரண்டிதான் கைக்கு அகப்பட்டது.