எட்டுப் போடும்போது ஜெபம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று கோவை கணபதியில் மூன்று லேத் பட்டறை என்னுடையது. கார் சர்வீசுக்குப் போனதால் பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள்; ஒரே கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. லேத் ஓடும்போதே பக்கத்துப் பட்டறைப் பேச்சைக் கேட்கிற காது எனக்கு. இளையவள் சொன்னாள்:

“ஸ்கூட்டர்ல எட்டுப் போடறப்ப கண்ண மூடி ஜெபிச்சுப்போட்டேனுங்க அக்கா. அதான் போன தடவ லைசென்ஸ் கெடைக்கல.”

“ஏங்கண்ணு, கண்ணத் தொறந்துட்டு ஜெபிச்சா கர்த்தர் கேக்கமாட்டாரா?”

“அவரு கேப்பாருங்க. எனக்குத்தான் கவனம் செதறுதுங்க.”

“வண்டி எங்க போய் நின்னுச்சு?”

“இன்ஸ்பெக்டர் மேசைக்கு முன்னாடிங்க. மோதல பாருங்க, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஊட்டுக்காரரு வண்டிய அங்க கொண்டாந்து வெச்சிருக்காருங்க. இன்னைக்கும் தவறுனா வித்துப்போடுவாருங்க.”

“அதுக்கு நான் வந்து என்ன பண்ணோணும்?”

“நான் கண்ணத் தொறந்து ஓட்டறேன். எனக்காக நீங்க கண்ண மூடி ஜெபிங்க.”

“செரி. ஆமென் எப்பச் சொல்றது?”

“கால் ஊனாம எட்ட முடிச்சதுக்கப்புறமுங்க.”

ஆர்.டி.ஓ. ஆபீஸ் நிறுத்தம் வந்தது. அக்கா பஸ் படியிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏனுங்க அம்மணி, பாத்து எறங்குங்க!” என்று கத்தினார் கண்டக்டர்.

“சத்தம் போடாதீங்க,” என்றாள் இளையவள், அக்காவைக் கைப்பிடித்து இறக்கிக்கொண்டே. “ஆரம்பிச்சுட்டாங்க.”