இருபத்தொன்றாவது ஒலித்துண்டு

எனக்குப் பொதுவாகவே சத்தம் ஆகாது. மயிலாப்பூர் மாட வீதியில் குடியிருப்பவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம், இன்ஸ்பெக்டர் சார். ஆனாலும் அதுதான் உண்மை. பஸ் ஹாரனுக்கு ஜன்னலைச் சாத்திவிடுவேன். அறுபத்து மூவர் உற்சவம் வந்தால் தாம்பரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த வயர்லெஸ்ஸைக் கொஞ்சம் குறைத்துவைத்தால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நன்றி.

ரைட்டர் நிதானமாகவே எழுதட்டும். பெயர் நல்லசிவம். வயது நாற்பத்தொன்பது. தொழில் கீபோர்டு வாசிப்பது. கல்யாண ரிசப்ஷனில் ஜனங்கள் பந்திக்கு எழுந்து போகும்போது வாசிக்கிற ஆளா என்று கேட்டீர்கள். அதுவும் உண்டு. பக்தி கேசட்டுகளும் உண்டு. உங்கள் வீட்டுப் பூஜையறையில் கேட்கிற கோயில் மணி அநேகமாக என் சுண்டுவிரல் அடித்ததாக இருக்கும்.

போன வருஷம், தொண்ணூற்றெட்டில், இன்டர்நெட்டில் ஒரு குழு ஆரம்பித்தேன். ஒன்பது பேர். ஒருவர் அனுப்பும் மெயில் மற்ற எட்டுப் பேருக்கும் போகும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டு, டெலிபோன் லைனைப் பிடித்துவைத்து வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, நாங்கள் ஒரு போட்டி நடத்தினோம். இப்போதெல்லாம் வாத்தியமே இல்லாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே வயலினும் புல்லாங்குழலும் உண்டாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. மென்பொருள் சிந்தசைசர் என்பார்கள். பர்மா பஜாரில் சி.டி.யாகக் கிடைக்கும். அந்த வரியை ரைட்டர் விட்டுவிடலாம். சனிக்கிழமைதோறும் முறை வைத்து ஒருவர் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு ஓர் ஒலித்துண்டு அனுப்புவார். எந்த மென்பொருள் வாசித்தது என்று மற்றவர்கள் காதால் கேட்டுச் சொல்ல வேண்டும். அவற்றின் நிஜப் பெயர்கள் வாயில் நுழையாததால் பாயசம், தகரம், ஐஸ் பெட்டி என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம்.

விதிகள் மூன்று. யாரும் யாரையும் புண்படுத்தக் கூடாது. மாடரேட்டரின் தீர்ப்பே முடிவு. போட்டி மென்பொருளுக்கு மட்டும், நிஜக் கருவிக்கு மதிப்பெண் கிடையாது. விதிகளை எழுதியவன் நான். மாடரேட்டரும் நான்.

குழுவில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடிட்டர் ஸ்ரீரங்கன், தி.நகர். எதைக் கேட்டாலும் 'ஒரு வெதுவெதுப்பு இருக்கு ஓய்' என்று எழுதுவார். வெந்நீரில் கை வைத்தாலும் அதையேதான் எழுதியிருப்பார். உமர் ஃபாரூக், அடையாறில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பவர். நல்ல மனிதர், காது சுமார். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் ஆறு மாதம் நான்தான் ஜெயித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஜெயிக்க வேறு ஆள் இல்லை.

பிறகு ஜலஜா அம்மா சேர்ந்தார். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் டெலிபோன் ஆபரேட்டர். கணவர் கனகராஜ் மந்தைவெளியில் நான்கு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் நடத்துகிறார். கடை விட்டு வந்ததும் அந்த அம்மாள் அங்கே உட்கார்ந்து எங்கள் துண்டுகளைக் கேட்பார். ஸ, ப தெரியாது. முதல் வாரம் சரியாகச் சொன்னார். அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ஆறாவது வாரமும் அப்படியே நினைத்தேன்.

ஏழாவது வாரம் ஒரு வயலின் துண்டு வந்தது. கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, யாரோ குறும்புக்கு நிஜ வயலினை அனுப்பியிருக்கிறார்கள் என்று. நான்கு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். வில் தந்தியைத் தொடுவதற்கு முன் கலைஞன் மூச்சைப் பிடிக்கும் அந்தக் கணத்தைப் பற்றி, எந்த இயந்திரத்துக்கும் அந்தக் கணம் வாய்க்காது என்பதைப் பற்றி. இன்று படித்தாலும் நல்ல கட்டுரைதான். அதற்குக் கீழே ஜலஜா அம்மா ஒரு வரி எழுதியிருந்தார்: 'சார், இது பாயசம். முடியறப்போ மணல் கொட்டுது கேளுங்க.'

அது பாயசம்தான். எல்லாரும் சிரிப்பு முகம் அனுப்பினார்கள், கோலனும் அடைப்புக்குறியும் சேர்த்துப் போடுவார்களே, அது. ஸ்ரீரங்கன் மூன்று போட்டிருந்தார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. நானும் ஒன்று போட்டேன்.

ஆகஸ்டில் உமர் ஃபாரூக்கின் கூடத்தில் எல்லாரும் நேரில் சந்தித்தோம். சமோசா வாங்கி வைத்திருந்தார். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று அந்த அம்மாளைக் கேட்டார்கள். அவர் சமோசாவைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பாட்டுல ஒண்ணும் இல்ல சார். பாட்டு முடிஞ்சப்புறம்தான் மிஷின் வாயத் தொறக்குது. ஒண்ணு மண்ணு கொட்டுது, ஒண்ணு டப்புனு கதவ சாத்துது, ஒண்ணு கொசுவாட்டம் பாடிக்கினே போவுது. போர்டுல பதினேழு வருஷம் சார். எதிர்ல இருக்கிற ஆளு போனை வெச்சுட்டாரா, கையால மூடிக்கினு பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கறாரான்னு அந்தக் காலி சத்தத்துலயே தெரிஞ்சுபூடும்."

"காலி சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லையே அம்மா" என்றார் ஸ்ரீரங்கன்.

"வால்யூமை ஃபுல்லா வெக்கணும் சார். நான் ஹெட்போனை மாட்டிக்கினு, பாட்டு அடங்கின ஒடனே கடைசி வரிக்கும் திருப்பிடுவேன். எறும்பு நடந்தாலும் கேக்கும்."

இதை யாரிடம் சொல்கிறோம் என்றே அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு வெகுளி.

அன்று இன்னொன்றும் சொன்னார். என் வீட்டில் எண்பத்து நான்கில் வாங்கிய ஜப்பான் கீபோர்டு ஒன்று இருக்கிறது. மென்பொருள் இல்லை, நிஜக் கருவி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒருமுறை அதில் நான் வாசித்ததைக் குழுவுக்கு அனுப்பியிருந்தேன். "உங்க பொட்டி நல்லா கீது சிவம் சார். ஆனா மேல ஒரு கட்டைக்கு மட்டும் விக்கல். ஒரு தடவை தட்டினா ரெண்டு தடவை பேசுது. டாக்டராண்ட காட்டுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய் அறுபத்தோரு கட்டைகளையும் தட்டிப் பார்த்தேன். விக்கல் எதுவும் இல்லை.

சமோசா தீரும் நேரத்தில் உமர் ஃபாரூக், பழைய டேப்புகளை சி.டி.க்கு மாற்றும் வேலைக்கு ஒரு காது வேண்டும் என்றார். "ஜலஜாக்கா, நீங்களே வந்துடுங்க. டிசம்பர் ஒண்ணாந்தேதி. ரெண்டு காதையும் எடுத்துட்டு வாங்க, போதும்." அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. ஜவுளிக்கடையில் ஜனவரி முதல் தானாகப் பேசும் போர்டு வரப்போகிறது, வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். அதே வேலையை நான் ஜூனில் கேட்டிருந்தேன். "யோசிக்கலாம் சார்" என்றிருந்தார் உமர். யோசித்திருக்கிறார், தெரிந்தது.

எனக்கு ஜலஜா அம்மாமீது கோபம் என்று நீங்கள் எழுதினால் தப்பு. கோபமிருந்தால் பரிசு கொடுப்பேனா? தொடர்ந்து இருபது விடை சரியாகச் சொன்னதற்காக நவம்பரில் நானே அவருக்கு ஒரு பரிசு அறிவித்தேன். ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர். ரிச்சி தெருவில் சாமான் வாங்கி, நானே பற்றவைத்து, மரப்பெட்டியில் பொருத்தி, நல்ல கனமான ஹெட்போனும் சேர்த்து, மந்தைவெளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கனகராஜ் காபி வாங்கி வந்தார். "இன்னா சார், இம்மாம் செலவு" என்று அந்த அம்மாள் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

நீங்கள் தொழில் தெரியாதவர், அதனால் விளக்குகிறேன். கம்ப்யூட்டரிலிருந்து நேராக வரும் ஒலிக்குக் காதைக் கெடுக்கும் வலு போதாது. அந்தப் பெட்டிக்கு அந்த வலு உண்டு. அதனால்தான் இந்த மாதிரிப் பெட்டியில் ஒலியைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் வைப்பது வழக்கம். நான் வைக்கவில்லை. ரைட்டர் 'மறதியால்' என்று எழுதுகிறார் போலிருக்கிறது, அடித்துவிடச் சொல்லுங்கள். எனக்கு மறதி கிடையாது.

அடுத்த சனிக்கிழமை என் முறை. பதினோரு விநாடித் துண்டு. முதல் மூன்று விநாடி மென்மையாக ஒரு குழல். பிறகு ஆறு விநாடி ஏறத்தாழ மௌனம், அந்த அம்மாள் சொன்ன எறும்பு நடக்கும் அளவுக்கு. கடைசி இரண்டு விநாடி, ஒரு ஃபைலில் அடங்கக்கூடிய முழு ஒலி, மேல்ஸ்தாயியில். அதற்கு மட்டும் என் ஜப்பான் கீபோர்டைப் பயன்படுத்தினேன். மென்பொருளால் அவ்வளவு சுத்தமாகக் குத்த முடியாது.

ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். மற்ற எட்டுப் பேரும் சின்ன ஸ்பீக்கரில், நிதானமான வால்யூமில் கேட்பவர்கள். அவர்களுக்கு அது வெறும் கிறீச். ஸ்ரீரங்கன், 'ஃபைல் கெட்டுப்போச்சு ஓய், முடிவுல பூனை கத்தறது' என்று எழுதினார். அனுப்பும்போது கெட்டிருக்கும் என்று நானும் பதில் போட்டேன். ஒன்பதாவது விநாடியில் வால்யூமைக் கடைசிவரைக்கும் திருப்பிவைத்துக்கொண்டு காதைத் தீட்டியிருக்கும் ஆள் இந்தச் சென்னையில் ஒருவர்தான். வேறு யாருக்கும் ஒரு தீங்கும் வரக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

கனகராஜ் பிறகு சொன்னார். ஜலஜா அம்மா கத்தவில்லையாம். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தாராம். மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, கரண்டு பூட்ச்சா?" என்று கேட்டாராம். ஃபேன் சுற்றியது தெரிந்திருக்கிறது, சத்தம்தான் வரவில்லை.

வலது காது அன்றோடு சரி. இடது காது நாலைந்து நாளில் திரும்பியது, ஓயாத விசில் ஒன்றோடு. போர்டுக்காரர்களுக்கு வலது பக்கம் மட்டும் அழுத்திவைத்துக் கேட்கும் பழக்கமாம், இடது பக்கம் கொஞ்சம் விலகியிருந்திருக்கிறது. ஒரு காது மிச்சமானது என் திட்டத்தில் இல்லை.

ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். நான் பேசப் பேச அந்த அம்மாள் இடது காதை என் பக்கம் திருப்பித் திருப்பிக் கேட்டார். "உங்க பொட்டி மேல தப்பில்ல சார். நான்தான் ஃபுல்லா வெச்சிட்டேன்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். டிசம்பர் ஒன்றாம் தேதி உமர் ஃபாரூக் என்னைக் கூப்பிட்டார். போனேன். யாராவது செய்துதானே ஆக வேண்டிய வேலை.

இதோடு முடிந்திருக்கும். போன வாரம் ஜலஜா அம்மா குழுவுக்கு ஒரு மெயில் போட்டார். 'அந்தத் துண்டுக்கு மட்டும் நான் பதில் சொல்லலை. அந்தச் சத்தம் இன்னும் காதுலயே கீது, அதனால யோசிக்க நெறைய டைம் கெடச்சது. அது ஃபைல் கெட்ட சத்தம் இல்ல. ஒருத்தர் விரலால தட்டினது. ரெண்டு தடவை பேசுச்சு. சிவம் சார் வூட்டு ஜப்பான் பொட்டி, மேல இருக்கிற அந்த விக்கல் கட்டை. கரெக்டா சார்?'

ஒருவரும் நம்பவில்லை. இரண்டு விநாடி, அதுவும் காது போகிற இரண்டு விநாடியில், யாருக்கு என்ன கேட்டிருக்க முடியும்? பாவம், அதிர்ச்சியில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஸ்ரீரங்கன் எனக்கு எழுதினார்: 'ஓய் சிவம், விடை தப்பாவே இருக்கட்டும். அந்த அம்மாளுக்கு ஒரு மார்க் போட்டு இருபத்தொண்ணுன்னு அறிவிச்சுடும். சந்தோஷப்படுவா.'

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உங்களிடம் இன்று ஒரு துரும்பும் இருந்திருக்காது, இன்ஸ்பெக்டர் சார். அது எனக்கும் தெரியும். ஆனால் இரக்கத்துக்கு மார்க் போடுவது என்று ஆரம்பித்தால் போட்டி என்று எதற்கு ஒன்று? மாடரேட்டர் என்ற முறையில் பதில் அனுப்பினேன்: 'ஜலஜா அம்மா குறிப்பிட்டிருப்பது மென்பொருள் அல்ல, நிஜக் கருவி. கருவியைச் சரியாகவே சொல்லியிருந்தாலும், விதி மூன்றின்படி மதிப்பெண் கிடையாது.'

அனுப்பிய கால் மணி நேரத்தில் உமர் ஃபாரூக் என் மேஜைக்கு வந்து நின்றார். "கெட்டுப்போன ஃபைல்னுதானே சொன்னீங்க. இப்ப சரியாவே சொல்லியிருக்காங்கன்னா என்ன அர்த்தம் சார்?" என்றார். அந்தத் துண்டைக் கால்வாசி வேகத்தில் ஓடவிட்டார். விக்கல் கேட்கிறதாம், இரண்டு தடவை. அங்கே வேலைசெய்கிற எல்லாரும் வந்து கேட்டுவிட்டுத் தலையாட்டினார்கள். எனக்குக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றைக் கேட்டதாக நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மற்றதெல்லாம் நான் செய்ததுதான். பெட்டியைச் செய்ததும், ரெசிஸ்டரை விட்டதும், மௌனத்தை அளந்து வைத்ததும், அதன் முடிவில் அந்தக் கட்டையை அழுத்தியதும், அவருடைய இரண்டு காதையும் எண்ணித்தான். இவற்றை நீங்கள் எந்தச் சட்டப் பிரிவில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. குழுவில் இப்போது எல்லாரும் ஜலஜா அம்மாவுக்கு இருபத்தொன்று என்று பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆகவே கடைசி வரியாக இதை மட்டும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், எழுதியதும் நான் கையெழுத்துப் போடுகிறேன்: ஜலஜா அம்மாவின் மதிப்பெண் இருபது. இருபத்தொன்றாவது ஒலித்துண்டுக்கு யாரும் சரியான விடை சொல்லவில்லை.