பூஜ்ஜியம் என்றால் வேண்டவே வேண்டாம்

கேட்டவர்க்குக் கேட்ட வடிவில் கொடுத்த கொடைக்கையே! காற்புள்ளி கண்டு கலங்காத, அரைப்புள்ளி கண்டு அயராத அறிவுச்சுடரே! விருப்பங்கள் வெள்ளமெனப் பெருகி வந்தபோதும் வரிசை குலையாமல் வழங்கிய வள்ளலே! பேருந்து நேர அலுவலகத்தின் பெருமையே, எங்கள் புள்ளியக்காவே! பணி நிறைவு காணும் இந்நன்னாளில், தங்கள் திருமுன் பணிவோடும் கொஞ்சம் பயத்தோடும் வாசித்தளிக்கும் மடல் இது.

பயத்துக்குக் காரணம் உண்டு. இந்த மடல் வேண்டாம் என்று தாங்களே எழுதிக் கொடுத்திருந்தீர்கள்.

அவையில் வீற்றிருக்கும் உற்றாரும் உறவினரும் அறிய ஒரு வார்த்தை. அடுத்த பேருந்து எப்போது வரும் என்று எங்கள் கணினியைக் கேட்பவை பல: கையிலிருக்கும் போன், நிறுத்தத்தில் தொங்கும் பலகை, பார்வையற்றோருக்காகக் கம்பத்தில் பொருத்திய பேசும் பெட்டி. ஒவ்வொன்றும் தன் கேள்வியின் தலைப்பிலேயே விருப்பத்தை ஒரு வரியாக எழுதி அனுப்பும். பேசும் பெட்டியின் வரி இது: ஒலி, வெறும் எழுத்து, புள்ளி ஐந்து, வேறு எதுவானாலும், புள்ளி ஒன்று, படம், பூஜ்ஜியம். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னால் நிற்பதன் மேல் எவ்வளவு விருப்பம் என்பதற்கான அளவு. அந்த வரியைப் பிரித்து, எடைபோட்டு, அவரவர்க்கு உகந்ததை அனுப்பும் நிரலை ஆக்கியவர் தாங்கள். முதலில் எழுதியது முதன்மை ஆகிவிடாது, முன்னால் வந்த காதைப் பின்னால் வந்த கொம்பு மறைக்கும் என்பீர்கள். எண் போடாமல் விட்டால் முழு விருப்பம். பூஜ்ஜியம் போட்டால் செத்தாலும் வேண்டாம்.

"எதுவானாலும் சரி" என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது, பெயர் சொல்லிக் கேட்டதற்கே முதல் மரியாதை என்பது தங்கள் இன்னொரு விதி. வீட்டில் தங்கள் கணவர் "எதுனாலும் சரி" என்று சொல்லிவிட்டு, பரிமாறிய பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதிலிருந்து அதைக் கற்றதாகக் கேள்வி. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்னார் இதுவரை மறுக்கவில்லை. பெண் பார்க்க வந்தவரைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது தாங்கள் "புள்ளி ஒன்பது" என்றதும், மிச்சத்தை அவர் இன்றுவரை தேடிக்கொண்டிருப்பதும் ஊரறிந்த செய்தி.

இனி வருவது எங்கள் இரண்டாம் மேசைக்காரரின் கதை. தங்களுக்குப் பின் இந்த நிரலைச் சுமக்க வேண்டியவர் அவர். சென்ற மாதம் தாங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், ஆர்வக்கோளாற்றில் அவர் நிரலைச் சுருக்கி எழுதினார். பெட்டி படத்துக்குப் போட்ட பூஜ்ஜியம், அவருடைய கைவண்ணத்தில், எண்ணே போடாத முழு விருப்பம் ஆயிற்று. பேசும் பெட்டிக்குப் படம் போய்ச் சேர்ந்தது. வந்ததை வாசிப்பதே தன் கடமை என்று பெட்டியும் அந்தப் படத்தை எழுத்து எழுத்தாக ஒப்பிக்கத் தொடங்கியது. கம்பத்தடியில் நின்ற பார்வையற்ற இசை ஆசிரியர் ஒருவர் வெகுநேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு எங்களுக்குப் போன் செய்தார்.

"உச்சரிப்பு நல்லா இருக்குங்க. பஸ் எப்ப வரும்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது."

மேலாளர் கொதித்துப்போனார். அக்காவைத் தவிர ஒருவருக்கும் பிடிபடாத நிரல் எதற்கு, போனுக்குப் போவதே எல்லாவற்றுக்கும் போகட்டும் என்றார். அப்படிச் செய்தால் பலகைகளும் பெட்டிகளும் ஊமையாகிவிடும். தாங்கள் ஓய்வு பெறுவதற்குள் தங்கள் நிரலைப் பிழையில்லாமல் ஓட்டிக் காட்டினால்தான் அது பிழைக்கும் என்று கெடு வைத்தார். இரண்டாம் மேசைக்காரர் சோறு தண்ணி மறந்து உழைத்தார், சரிசெய்துவிட்டேன் என்று மார்தட்டினார். உண்மையில் படத்துக்கு மட்டும் ஒரு ஒட்டுப் போட்டிருந்தார்.

விழா ஏற்பாடும் அவர் தலையில் விழுந்தது. எப்படி நடத்தலாம் என்று தங்களைக் கேட்டார். தாங்கள் வழக்கப்படி ஒரு வரி எழுதித் தந்தீர்கள்: நல்ல டீ, எல்லோரும் சேர்ந்த புகைப்படம், புள்ளி நான்கு, பாராட்டு மடல், பூஜ்ஜியம். தன் திறமையைக் காட்ட அவர் அதைத் தன் நிரலிலேயே ஓட்டினார். டீயும் மடலும் சரிசமமாக முதலிடம் பிடித்தன. தங்கநிறச் சட்டம் போட்ட மடல் இன்று மதியம் வந்து இறங்கியது.

சட்டத்தின் முன் தாங்கள் நின்றீர்கள். பக்கத்தில் மேலாளர் கைகட்டி நின்றார். இரண்டாம் மேசைக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கெடு இன்றோடு முடிகிறது, குட்டு நடுக்கூடத்தில் தங்கச் சட்டத்தோடு சாய்ந்து நிற்கிறது. தாங்கள் நினைத்திருந்தால் ஒரு நொடியில் திருத்தியிருக்கலாம். விசைப்பலகையைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, டீயைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னீர்கள்.

"பூஜ்ஜியம் எங்க தொலையுதுன்னு நீங்களே தேடுங்க. நான் எங்கயும் போகல."

டீ ஆறிப்போனது. அவர் கண்டுபிடித்தார். எண் இருக்கிறதா என்று நிரல் கேட்கும் ஓர் இடத்தில், பூஜ்ஜியத்தையும் இல்லாததாகவே கணக்கில் எடுத்திருந்தார். அந்த ஒரு வரியை மாற்றி, படத்துக்குப் போட்ட ஒட்டையும் பிய்த்தெறிந்தார். மேலாளரே இசை ஆசிரியரைப் போனில் அழைத்தார். ஆசிரியர் கம்பத்தடியில் நின்று போனைப் பெட்டிப் பக்கம் நீட்ட, அடுத்த பேருந்து வந்துகொண்டிருக்கிறது என்று பெட்டி சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. சரி, நிரல் இருக்கட்டும் என்றார் மேலாளர். எங்களில் சிலருக்குக் கண் கலங்கியது.

தங்கள் விருப்ப வரியை மறுபடி ஓட்டினோம். மடல் கூடாது என்று நிரல் கறாராகச் சொல்லிவிட்டது. ஆனாலும் அக்கா, கொடுக்கக் கையில் வேறொன்றும் இல்லாதபோது, வேண்டாம் என்றதையே கொடுப்பதற்கும் விதியில் இடமுண்டு என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் நன்றிக்கு வேறு வடிவம் இல்லை. ஆகவே சட்டத்துக்குள் இருந்த பழைய புகழுரையை உருவிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிச் செருகி வாசிக்கிறோம்.

நோய்நொடி அண்டாமல், நிம்மதி நீங்காமல், கணவரோடும் மகளோடும் நீடு வாழ்க! எங்கள் விருப்ப வரியையும் தங்கள் முன் வைக்கிறோம்: தாங்கள் இங்கேயே இருப்பது, எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பது, புள்ளி ஐந்து, தங்களைப் பிரிவது, பூஜ்ஜியம்.

கிடைக்கப்போவது எது என்று தெரிந்தேதான் கேட்கிறோம்.

இவண்,
பேருந்து நேர அலுவலகப் பணியாளர்கள்.
எழுதி வாசித்தவர்: நாளை முதல் முதல் மேசையில் அமரவிருக்கும் இரண்டாம் மேசைக்காரர்.