பின்படிக்கட்டுப் பூட்டு

— யாரைக் கேட்டுடி அறுத்தே?

— வாக்கா. முதல்ல உக்காரு. மூணு மாடி ஏறி வந்திருக்கே, மூச்சு இரைக்குது பாரு.

— உக்கார வரல நான். பின்படிக் கதவுல போட்டிருந்த பூட்டு ரெண்டு துண்டாக் கெடக்கு. யாரு பண்ணின வேலை, அதைச் சொல்லு.

— நான்தான்.

— நல்லாயிருக்குடி நியாயம். என் கட்டடம், என் கதவு, என் பூட்டு. வாடகைக்கு இருக்கிறவ அறுக்கிறா. வேற ஓனரா இருந்தா இந்நேரம் உன் சட்டி பானையெல்லாம் தெருவுல உருண்டிருக்கும்.

— வேற ஓனரா இருந்தா நானும் வந்த மாசமே கேட்டிருப்பேன், கதவைத் திறந்து வைங்கன்னு. அக்காவாப் போயிட்டே. கெஞ்சிக் கெஞ்சியே காலம் போச்சு.

— கெஞ்சினியா? வாய் நிறைய வைஞ்சே.

— சரி, ரெண்டும்தான். டீ போட்டிருக்கேன், குடி.

— வேணாம். கீழ என்னடி அது, கரகரன்னு சத்தம்?

— பக்கத்துல எங்கயோ குழாய் மாத்துறாங்க போல. அதை விடு. கையில என்ன பொட்டலம்?

— புதுப் பூட்டு. கடைக்காரன்கிட்டச் சொல்லியே வாங்கினேன், ரம்பத்துக்கு மசியாததாக் குடுன்னு. இப்பவே போட்டுட்டுத்தான் இறங்குவேன்.

— போடு. போட்டா, அடுத்த தடவை புகை வந்தா எங்களை எங்க போகச் சொல்றே?

— ஆரம்பிச்சிட்டியா. மீட்டர் பொட்டி கொஞ்சம் புகைஞ்சது. அதுக்கு ஊரையே கூட்டிட்டே.

— கொஞ்சமா? நீ அங்க இல்லக்கா. முன்படி அடியிலதான் அந்த மீட்டர் பொட்டி இருக்கு. புகை மேல ஏறுறதுக்குன்னே கட்டின மாதிரி ஒரு படிக்கட்டு. கதவைத் திறந்தேன், கறுப்பா சுவர் மாதிரி நிக்குது. எதிர்ல என்ன இருக்குன்னு தெரியல. என் வீட்டுக்காரரை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு பின்பக்கம் ஓடினேன். ஓடினேன்னா, அவரு அந்த முடியாத காலை வச்சுக்கிட்டு எங்க ஓடுறது, இழுத்தேன். அங்க போனா உன் பூட்டு. பூட்டுக்கு இந்தப் பக்கம் உன் பழைய கட்டில், கால் உடைஞ்ச சோபா, தண்ணி டிரம்மு.

— அதெல்லாம் நல்ல தேக்குடி. தூக்கிப் போட மனசு வருமா?

— கட்டிலைத் தூக்கிப் போட மனசு வராது. சரிதான்.

— பேச்சை மாத்தாதே. பூட்டை எதுக்குப் போட்டேன்? ரெண்டாவது மாடி நர்ஸம்மா வீட்டு கேஸ் சிலிண்டரை எவனோ பின்படி வழியா வந்து தூக்கிட்டுப் போனானே, அப்ப நீங்க எல்லாருமா சேர்ந்து வந்து என்ன கேட்டீங்க? ஓனரம்மா, ஒரு பூட்டுப் போட மாட்டீங்களான்னு கேட்டீங்க. நீயும் கூட நின்னே.

— நின்னேன். பூட்டுப் போடுன்னுதான் சொன்னேன். சாவியை எல்லாம் உன் இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியச் சொல்லல. வீட்டுக்கு ஒரு சாவி குடுன்னு கேட்டதுக்கு என்ன சொன்னே?

— தொலைச்சிடுவீங்கன்னு சொன்னேன். தொலைக்க மாட்டீங்களா?

— அன்னைக்கு நாங்க பால்கனியில நின்னு ஈரத்துண்டை மூக்குல கட்டிக்கிட்டு உன் பேரைச் சொல்லிக் கத்துறோம். நீ சாவிக்கொத்தோட மார்க்கெட்டுல கத்திரிக்காய் அழுத்திப் பார்த்துக்கிட்டு இருக்கே.

— மார்க்கெட்டுக்குப் போறது குத்தமா?

— குத்தம் இல்ல. உக்காருக்கா. நின்னுக்கிட்டே சண்டை போட்டா உனக்குத்தான் முட்டி வலிக்கும்.

— …சர்க்கரை கம்மியாப் போட்டியா?

— போடவே இல்ல.

— பாதுகாப்புக்கு ஒண்ணுமே பண்ணலன்னு மட்டும் சொல்லாத, சொல்லிட்டேன். வாசல்ல சிவப்பு சிலிண்டர் வாங்கி வச்சிருக்கேன், நெருப்பு அணைக்கிறது.

— எங்க வச்சிருக்கே? காத்துல வாசல் கேட்டு அடிச்சுக்குதுன்னு அதுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கே. எதிர்வீட்டு டிரைவர் அதை எடுத்து அமுக்கினாரு. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு, அவ்வளவுதான். அப்புறம் அந்த மனுஷன் கட்டட வேலை மணலை அள்ளிப் போட்டுத்தான் அணைச்சாரு.

— அணைஞ்சுதா இல்லியா? யாருக்காவது ஒரு நகம் கருகிச்சா? சொல்லு.

— ஒண்ணு சொல்லட்டுமா?

— அதுக்குத்தானே உக்கார வச்சே.

— புகை குறைஞ்சதும் நான்தான் முதல்ல இறங்கினேன். கீழ உன் வீட்டு வாசலைத் தாண்டிப் போறப்ப ஜன்னலைப் பார்த்தேன். மாமா நின்னுக்கிட்டு இருந்தாரு.

— எந்த ஜன்னல்?

— கூடத்து ஜன்னல். கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. முகமெல்லாம் கரி. மூக்குலேர்ந்து கறுப்பா ஒழுகுது. வாசக் கம்பிக்கதவுல உன் பூட்டு.

— …அவரு என்கிட்ட ஒண்ணும் சொல்லல.

— நீ வந்து சேர்றதுக்குள்ள மூஞ்சியைக் கழுவிட்டாரு. சட்டையை மாத்தி, பழையதை பக்கெட்டுல ஊற வச்சிட்டாரு. ஏன் மாமா ஒரு சத்தம் குடுக்கலன்னு கேட்டேன். என்ன சொன்னாரு தெரியுமா?

— என்ன சொன்னாரு?

— கத்தினா உங்கக்கா திட்டுவான்னாரு.

— …பூட்டாம என்னடி பண்ணச் சொல்றே? போன மழைக்கு முன்னாடி ஒரு நாள் அவரு பாட்டுக்கு எந்திரிச்சு பஸ் ஏறிப் போயிட்டாரு. அவருக்குத் தன் பேரு தெரியல, ஊரு தெரியல. போட்டோவைக் கையில வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, கடைசியில பிணவறை. அந்தத் துணியை விலக்கிக் காட்டுவானே, அதைப் பார்த்துட்டு வந்தவ நான். நீ இல்ல.

— தெரியும். உன் கூட வாசல் வரைக்கும் வந்தவ நான்தானே.

— அப்புறமும் பேசுறே.

— அப்புறமும்தான் பேசணும். தொலைஞ்சு போயிடுவாருன்னு பூட்டினே. சரி. எரிஞ்சு போயிடுவாருன்னு ஒரு நாளாவது நினைச்சியா?

— வாயைக் கழுவு.

— ஒரு சாவி, ஒண்ணே ஒண்ணு என்கிட்ட குடுத்து வைன்னு அன்னைக்கு சாயங்காலமே கேட்டேன். உன் வீட்டுக்காரரை முதல்ல நடக்க வைன்னு சொன்னே.

— கோவத்துல சொன்னது.

— அவரு காதுலயும் விழுந்துச்சு.

— எங்க உன் வீட்டுக்காரரு, ஆளைக் காணோம்?

— கீழ போயிருக்காரு. பின்படி வழியா, உன் கட்டிலைத் தாண்டி, உக்காந்து உக்காந்து இறங்கினாரு.

— அந்தக் காலோட எதுக்கு இப்ப கீழ? … ஏண்டி, உனக்கு ரம்பம் ஏது? உங்க வீட்டுல ஒரு சுத்தியல்கூட உருப்படியாக் கெடயாது.

— கேட்டு வாங்கினேன். வாங்கினேன்னுகூடச் சொல்ல முடியாது. அன்னைக்கு அந்த ஜன்னல் கம்பி வழியா நீட்டினாரு.

— யாரு, அவரா? அவரோட பழைய பட்டறை சாமான் எல்லாத்தையும் பரண்மேல தூக்கிப் போட்டேனே.

— இறக்கியிருக்காரு. எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிருந்தாரு. பேரு மறந்துடுச்சு, வீட்டு விலாசம் மறந்துடுச்சு, கை மட்டும் ஒண்ணையும் மறக்கல. இரும்பை எப்படிப் பிடிக்கணும், பல்லு எந்தப் பக்கம் பார்க்கணும்னு ஜன்னல்லேர்ந்தே காட்டிக் குடுத்தாரு. முதல்ல மேல போய் உன் பூட்டை அறும்மா, உன் வீட்டுக்காரருக்குத்தான் கால் முடியாதுன்னாரு. என்னோடது அப்புறம்னாரு.

— என்னோடதா?

— சூடு ஆறிடப் போகுது, குடிக்கா.

— அந்த ரம்பம் இப்ப எங்கடி?

— திருப்பிக் குடுத்துட்டேன். இரவல் வாங்கின சாமானை வச்சுக்கலாமா?

— எப்ப குடுத்தே?

— நீ முன்படி ஏறி வர்றப்ப, என் வீட்டுக்காரரு பின்படி வழியா எடுத்துக்கிட்டு இறங்கினாரு. பூட்டை ஆடாமப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணுமே. நாற்காலியும் சொல்லி வச்சிருக்கேன், டிரைவர் வீட்டுலேர்ந்து ரெண்டு. ரெண்டு பேரும் வாசல் கேட்டுப் பக்கத்துலயே உக்காருவாங்க. மாமாவை பஸ் எதுவும் ஏற விடமாட்டாரு, பயப்படாத.

— அப்ப அந்தக் கரகரச் சத்தம்… ஏண்டி, சத்தத்தைக் காணோமே?

— நின்னுடுச்சுக்கா. மாமா வெளிய வந்துட்டாரு.