வலது பக்கக் கயிறு

— இடது பக்கக் கயிற நான் அவிழ்த்துட்டேன். வலது பக்கம்?

— அவிழ்த்தாச்சு. படகத் தள்ளுங்க, கொசு பிடுங்கித் திங்குது.

— நாணல் பழையபடி மூடிக்கிச்சா, அசிஸ்டன்ட்? கூட்டப் படம் எடுக்கத்தான் ஒதுக்கிக் கட்டினோம். அப்படியே விட்டா காலைல வெயில் நேரா முட்டை மேல விழும். காக்கா வேற நோட்டம் பாத்துக்கிட்டே இருக்கு.

— மூடிக்கிச்சுங்க. முட்டை போட்ட அந்த முக்குளிப்பான் பறவைகூட இவ்வளவு கவலைப்படாது.

— நீ போட்ட முடிச்சாச்சே, அதான் கேக்கறேன். போன வாரம் உன் டிபன் பையக் கத்தரிக்கோல் வெச்சுத்தான் தொறந்தேன். இழுத்தா வர்ற மாதிரி சுருக்குப் போடுன்னு தலைபாடா அடிச்சுக்கறேன்.

— அவிழ்த்தாச்சுன்னு சொல்றேன்ல! எத்தனை தடவ கேப்பீங்க?

— சரி சரி, கோவிச்சுக்காத. நாளைக்குக் காலைச் சாப்பாடு அக்கா வீட்டுல. நான் ஏரிக்கு வந்து இந்த வாரப் படத்த எடுத்துட்டு அப்படியே அங்க வந்துடறேன்.

— போறப்ப என்னை எழுப்பாம போங்க. அது போதும்.

*

— இத பாரும்மா, என் தம்பி எடுத்ததெல்லாம் எனக்கு ஒரே படமாத்தான் தெரியுது. அதே பாறை மேல உக்காந்து, அதே ஏரி. ஒண்ணுல தண்ணி இருக்கு, ஒண்ணுல இல்ல.

— இல்ல அண்ணி, உத்துப் பாருங்க. இது பனிக்காலம், எதிர்க்கரையே காணோம். இது தண்ணி வத்தி, சேறு பாளம் பாளமா வெடிச்சப்ப. நடுவுல ஒரு நாரை நிக்குது பாருங்க, வழி கேக்கற மாதிரி. இது முதல் மழைக்கு மறுநாள். இந்த வாத்துக் கூட்டம் வந்து இறங்கின அன்னைக்கு, ரெண்டு மணி நேரம் முழங்கால் தண்ணியில நின்னு காய்ச்சல வாங்கிட்டு வந்தாரு.

— அந்தக் காய்ச்சலுக்கு என் வீட்டுலதான படுத்துக் கிடந்தான். நீ திட்டுவேன்னு.

— வெளியூர் வேலைன்னு சொன்னாரு. மூக்கடைச்ச குரல்லயே தெரிஞ்சுபோச்சு.

— என்னமோ போ. வருஷம் ஒண்ணு ஓடிப்போச்சு. லைப்ரரி ஹால்ல பன்னண்டு படம் மாட்ட இடம் குடுத்திருக்காங்க. நீ பதினொண்ணு எடுத்து வெச்சுட்ட. அந்த ஒண்ண மட்டும் எதுக்குக் கவுத்து வெச்சிருக்க?

— அது வேண்டாம் அண்ணி.

— ஏன் வேண்டாம்? அதான அவன் எடுத்ததுல கடைசி. அந்தப் பறவை கழுத்தத் திருப்பி நம்மளையே பாக்குது. நாலு முட்டையும் எண்ணலாம். அத வாசல்லயே மாட்டணும்.

— வாசல்ல மாட்டினா நான் உள்ள வர மாட்டேன்.

— அதான பாத்தேன். என்ன விஷயம்?

— வந்து... அந்தக் கூடு சும்மா கண்ணுக்குத் தெரியாது அண்ணி. நாணலுக்கு உள்ள இருக்கும். ரெண்டு பக்கமும் நாணல ஒதுக்கிக் கட்டினதாலதான் இந்தப் படம். இடது பக்கம் அவர் கட்டினாரு. வலது பக்கம் நான்.

— சரி.

— கிளம்பறப்ப என் பக்கம் அவிழல. நகம் பேந்துடுச்சு. பொழுது சாஞ்சுட்டுது, கொசு வேற. அவர் கேட்டாரு. அவிழ்த்தாச்சுன்னு சொல்லிட்டேன்.

— ம்.

— மூணு தடவ கேட்டாரு அண்ணி. மூணு தடவயும் சொன்னேன். கடைசித் தடவ எரிஞ்சு விழுந்து சொன்னேன்.

— மறுநாள் காலைல அவன் பாறையிலிருந்து பாத்திருக்கான்.

— பெரிய லென்ஸ்ல பாத்திருப்பாரு. கூடு வெயில்ல அப்பட்டமாத் தெரிஞ்சிருக்கும். படகு வாடகைக்குக் குடுக்கற படகுக்காரர் அன்னைக்குன்னு பாத்து வரல. தண்ணியில இறங்கி நடந்திருக்காரு. அந்தச் சேத்துக் குழி...

— போதும், விடு.

— விடாதீங்க அண்ணி. துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் போட்டோப் பைத்தியம் அவர முழுங்கிடுச்சுன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'எவ்வளவோ சொன்னேன், கேக்கவே இல்ல'ன்னேன். உங்க தோள்ல சாஞ்சுக்கிட்டே சொன்னேன்.

— ஞாபகம் இருக்கு. தோளே நனைஞ்சு போச்சு.

— அவர் மேல பழியப் போட்டுட்டு, அதுக்கு எல்லார் கிட்டயும் ஆறுதல் வாங்கிக்கிட்டேன். இப்ப இந்தப் படத்த மாட்டி, வந்தவங்க நின்னு நின்னு பாக்கறப்ப, நான் எங்க கொண்டுபோய் மூஞ்சிய வெச்சுக்கறது?

— அன்னைக்குக் காலைல அவன் எனக்குப் போன் பண்ணானே.

— வர லேட்டாகும்னு சொன்னார்னு சொன்னீங்க.

— உனக்குப் பாதிதான் சொன்னேன். 'அக்கா, நாணல்ல ஒரு கயிற அவிழ்க்க மறந்துட்டேன். நான்தான். வெயில் ஏறறதுக்குள்ள போய் எடுத்துட்டு வந்துடறேன். வீட்டுக்குப் போன் போட்டு அவள எழுப்பிடாத'ன்னான்.

— நான்தான்னு சொன்னாரா?

— யாருன்னு நான் கேக்கவே இல்ல. அவனாத்தான் சொன்னான்.

— ஐயோ... அப்ப இத்தனை நாளும் அவர்தான் மறந்தார்னு நெனச்சுட்டு இருந்தீங்களா?

— ஒரு நாள் நெனச்சேன். ஒரே ஒரு நாள். இந்தா, இந்தப் பொட்டலத்தப் பிரி.

— என்னது?

— அவன் சட்டைப் பையில இருந்தது. ஆஸ்பத்திரில என் கையிலதான் குடுத்தாங்க. அன்னையிலிருந்து என் கைப்பையிலதான் கிடக்கு. ஒவ்வொரு தடவ இந்த வீட்டுக்கு வர்றப்பவும், இன்னைக்காவது நீயா வாயத் தொறப்பேன்னு பாத்தேன்.

— நீலக் கயிறு... அப்ப கூடு வரைக்கும் போய்ட்டாரா?

— போய்ட்டுத் திரும்பி வர்றப்பதான் கால் புதைஞ்சிருக்கு.

— முட்டை?

— படகுக்காரர் நாலஞ்சு நாள் கழிச்சுப் பாத்தப்ப கூடு காலி. பொரிச்சுப் போச்சா, காக்கா தூக்கிட்டுப் போச்சான்னு அவருக்குத் தெரியல.

— அவர் கையாலயே அவிழ்த்துட்டாரா அண்ணி?

— எங்க அவிழ்த்தான்? வெட்டித்தான் எடுத்திருக்கான், ரெண்டு நுனியையும் பாரு. முப்பது வருஷமா தையல் மெஷின் முன்னாடி உக்காந்திருக்கேன், எது அவன் கை, எது உன் கைன்னு எனக்குத் தெரியாதா? முடிச்சு அப்படியேதான் இருக்கு.